ரக்பி லீக் அணியின் தாக்குதலையும் வீரர்களின் ஃபார்மையும் கணிப்பது எப்படி

ஒரு ரக்பி லீக் அணி நன்றாகத் தாக்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்கோர் மட்டும் போதாது. ஐந்து ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) வைத்த அணி, எதிரணி கைநழுவவிட்ட பந்துகளைப் பொறுக்கியே அவற்றில் பாதியைப் பெற்றிருக்கக்கூடும். இரண்டே ட்ரையோடு தோற்ற அணி, அடுத்த வாரம் யாரையும் வீழ்த்தும் அளவுக்குச் சரியான வேலைகளைச் செய்திருக்கக்கூடும். தனி வீரரின் ஃபார்மைப் பற்றிய பேச்சிலும் இதே குழப்பம் இருக்கிறது. ‘ஹாஃப்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) சரியில்லை’ என்று ஆட்டம் முடிந்த மறுநாள் எல்லோரும் சொல்லும்போது, சரியில்லாமல் இருந்தது பெரும்பாலும் அவருக்கு முன்னால் பந்தைச் சுமந்த ப்ராப்கள், அதாவது முன்வரிசை வீரர்கள்தான். பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, பந்து போவதற்கு ஒரு விநாடி முன்பு என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழகினால் இந்தக் குழப்பம் தீரும். பழகும் வழியைத்தான், ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) போட்டியையும், குறிப்பாக மேற்கு சிட்னியின் பென்ரித் பாந்தர்ஸ் அணியையும் வைத்து இங்கே எழுதுகிறேன். டூங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அந்த ஊர் சில ரயில் நிலையங்கள் தள்ளித்தான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இலங்கையின் பள்ளிக்கூட மைதானங்களில் ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது யூனியன் ஆட்டம். லீக் வேறு ஆட்டம். அணிக்கு 15 பேர் அல்ல, 13 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்கள் (பந்தோடு ஓடுபவர் பிடித்து நிறுத்தப்படுவது) மட்டுமே உண்டு; இந்த ஆறும் சேர்ந்தது ஒரு செட். ஆறாவது டேக்கிளில் பிடிபட்டால் பந்தை அதே இடத்தில் எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். ஆகவே ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். சிட்னியில் 1967-க்கு முன் இந்தக் கணக்கே இல்லை. ஒரு அணி பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 பட்டங்களை வென்ற காலம் அது. 1967-இல் நான்கு டேக்கிள் என்று வரம்பு வைத்து, 1971-இல் அதை ஆறாக்கினார்கள். இன்றைய தாக்குதல் உத்திகள் எல்லாமே அந்த ஆறு என்ற எண்ணைச் சுற்றித்தான் பிறந்தன.

பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் பிளே-த-பால். பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்ட, பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப் அதை எடுக்கிறாரே, அந்தச் சில விநாடிகள்தான். தடுப்பவர்களில் மார்க்கராக, அதாவது பிடிபட்டவருக்கு நேர் எதிரே, நிற்பவர்களைத் தவிர மற்ற அனைவரும் 10 மீட்டர் பின்வாங்கியாக வேண்டும். பந்து மூன்று விநாடிக்குள் வெளியே வந்துவிட்டால், பின்னால் நடந்துகொண்டிருக்கும் தடுப்பு வரிசை இன்னும் திரும்பி முன்னே அடியெடுத்து வைத்திருக்காது. நான்கு விநாடியைத் தாண்டிவிட்டால் சுவர் கட்டி முடிந்திருக்கும். நான் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வாய்விட்டே எண்ணுவேன். பிடிபட்டவர் எப்படி விழுகிறார் என்பதையும் கவனியுங்கள். நல்ல ஃபார்மில் இருக்கும் ப்ராப், மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தாலும் உடம்பை முறுக்கி, முழங்கையும் முழங்காலும் தரையில் படும்படி குப்புற விழுவார்; அங்கிருந்து எழுவதற்கு ஒரே உந்தல் போதும். மல்லாந்து விழுகிறவரை எதிரணி அப்படியே அழுத்தி வைத்துக்கொள்ளும். மீட்டர் கணக்கில் இருவரும் பத்துப் பத்து மீட்டர் ஓடியதாகவே பதிவாகும். ஆனால் ஒருவர் தன் ஹாஃப்பேக்குக்கு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தார், மற்றவர் அதை இழக்க வைத்தார்.

பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்றதற்குக் காரணம் கேட்டால் பலரும் ஹாஃப்பேக் நேதன் கிளியரியின் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் தகுதியில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த அணியின் செட் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, வேகமாக ஓடிவரும் தடுப்பு வரிசைக்குள் முதலில் மோதுகிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் டிலன் எட்வர்ட்ஸும் ஓரத்தில் ஆடும் விங்கர் பிரையன் டோஓவும். மற்ற அணிகளில் ப்ராப்கள் செய்யும் கரடுமுரடான வேலையை முதல் இரண்டு டேக்கிள்களில் இவர்கள் செய்துவிடுவதால், ப்ராப்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது டேக்கிளுக்குப் புதிதாக வந்து சேர்கிறார்கள். 2022 இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் எட்வர்ட்ஸுக்குக் கிடைத்தபோது, இந்த வேலை ஒருவழியாக மக்கள் கண்ணில் பட்டதே என்று மகிழ்ந்தேன். நடுவில் லாக் இடத்தில் ஆடும் ஐசயா யோ இன்னொரு கண்ணி. அவர் பந்தை வாங்கியதும் ஓடலாம், பக்கத்தில் வருபவருக்குச் சிறிய பாஸ் தட்டிவிடலாம், அல்லது முதுகுக்குப் பின்னால் நிற்கும் கிளியரிக்கு அனுப்பலாம். மூன்றும் ஒரே ஓட்டத்திலிருந்து வருவதால், எதிரே நிற்கும் தடுப்பாளர் ஒரு கணம் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கிறது.

இனி ஓரங்களுக்கு வருவோம். மைதானத்துக்கு நேரில் போகிறவர்கள் பக்கவாட்டில் நல்ல இருக்கை கிடைத்தாலும், ஒரு பாதியையாவது கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும். தொலைக்காட்சிக் கேமரா பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால், யார் யாருக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்ற ஆழமும், தடுப்பாளர்களுக்கு இடையிலான இடைவெளியும் சரியாகத் தெரிவதில்லை. கம்பங்களுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் ‘பிளாக் பிளே’ என்று சொல்லப்படும் அமைப்பு கோலம் போட்டதுபோலத் தெளிவாகத் தெரியும். ஹாஃப்பேக் பந்தோடு தடுப்பு வரிசையை நோக்கி ஓடுகிறார். அவருக்கு வெளியே இரண்டாம் வரிசை வீரர் ஒருவர், பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல நேராகப் பாய்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஃபுல்பேக் வளைந்து வருகிறார். அவருக்கும் வெளியே சென்டரும் விங்கரும் காத்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். பக்கக்கோட்டிலிருந்து மூன்றாவதாக நிற்கும் தடுப்பாளரின் இடுப்பைப் பாருங்கள். அவர் இடுப்பு உட்புறம் திரும்பிவிட்டால், பாய்ந்து வருபவரை அவர் எடுத்துக்கொண்டார் என்று பொருள். பந்து பின்னால் ஃபுல்பேக்குக்குப் போக வேண்டும். அவர் வெளிப்புறம் நகர்ந்தால், உள்ளே திறக்கும் இடைவெளியில் சிறிய பாஸ் விழ வேண்டும். அவர் அசையாமல் நின்று, அவருக்கு வெளியே நிற்கும் சென்டர் திடீரென உள்ளே பாய்ந்தால், நீண்ட பாஸ் ஒன்று விங்கரைத் தனியாக விட்டுவிடும். ஹாஃப்பேக்கின் திறமை பந்தை அழகாக எறிவதில் இல்லை. அந்த இடுப்பைப் படிக்கும் வரை பந்தைக் கையில் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. தடுப்பு வரிசைக்கு மிக அருகில் போய்ப் பாஸ் கொடுப்பவர், கொடுத்த மறுகணம் அடி வாங்குவார். ஆகவே ஹாஃப்பேக்கின் ஃபார்மை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, பாஸ் கொடுத்த பிறகு அவர் எத்தனை முறை தரையில் விழுகிறார் என்று எண்ணுவதே. தன்னம்பிக்கை குறைந்தவர் ஆறேழு மீட்டர் முன்னதாகவே பந்தை அனுப்பிவிடுவார். தடுப்பாளர்கள் எல்லோரும் நிதானமாக வெளியே நகர்ந்துகொள்வார்கள். கடைசியில் விங்கர் கோட்டுக்கு வெளியே தள்ளப்படுவார், பழியும் அவர்மேல் விழும்.

பாய்ந்து போகும் அந்த இரண்டாம் வரிசை வீரரையும் மறந்துவிடக் கூடாது. பத்து முறை ஓடினால் ஒன்றிரண்டு முறைதான் பந்து அவருக்கு வரும். எழுபதாவது நிமிடத்திலும், வராது என்று தெரிந்தும், முதல் நிமிட வேகத்திலேயே ஓடுகிறாரா என்று பாருங்கள். அவர் வேகம் தளர்ந்தால் தடுப்பாளர் அவரை மதிக்க மாட்டார். அமைப்பு முழுவதும் சரிந்துவிடும். இந்த உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கடைசி டேக்கிளின் உதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ரையில் முடியாத உதை எல்லாம் வீண் அல்ல. பந்தைத் தரையோடு உருட்டி, எதிரணி வீரரை அவரது கோட்டுக்குப் பின்னால் சிக்கவைத்தால், அவர்கள் அங்கிருந்து உதைத்துப் பந்தைத் திருப்பித் தர வேண்டும். மீண்டும் ஆறு டேக்கிள். அப்படி இரண்டு முறை நடந்தால் தடுப்பவர்களின் கால்கள் கனத்துவிடும். தன் 40 மீட்டர் கோட்டுக்குள்ளிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 20 மீட்டர் பகுதியில் பக்கக்கோட்டைத் தாண்டினால், அது 40/20. பந்து உதைத்த அணிக்கே கிடைக்கும்.

எண்களை எப்படிப் படிப்பது என்று இனிச் சொல்கிறேன். ட்ரைகள் கொத்துக் கொத்தாக வருவதற்கு விதியே ஒரு காரணம்: பொதுவாக, ட்ரையை விட்டுக்கொடுத்த அணிதான் நடுக்கோட்டிலிருந்து உதைக்க வேண்டும், அதனால் ட்ரை வைத்த அணிக்கே பந்து மறுபடியும் போய்ச் சேர்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று சிட்னியில் நடந்த இறுதியாட்டத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்கச் சொல்வேன். இரண்டாம் பாதியில் பிரிஸ்பேன் பிராங்கோஸின் எஸ்ரா மாம் பத்து நிமிடத்துக்குள் மூன்று ட்ரை வைத்தார். பிரிஸ்பேன் 24-8 என்று முன்னிலை பெற்றது. கிளியரிக்கு ஜோடியாக ஆடிய பென்ரித்தின் ஃபைவ்-எய்த் ஜாரோம் லுவாய் தோள் காயத்தோடு வெளியேறினார். அந்த நேரத்தில் கிளியரிக்கு மதிப்பெண் போட்டிருந்தால் குறைவாகத்தான் போட்டிருப்போம். அதன் பிறகு மோசஸ் லியோட்டா, ஸ்டீபன் கிரைட்டன், கடைசியாகக் கிளியரியே என்று மூன்று ட்ரைகள் வந்தன. இடையில் கிளியரியின் காலிலிருந்து ஒரு 40/20-உம் வந்தது. ஆட்டம் 26-24 என்று பென்ரித்தின் வெற்றியில் முடிந்தது. கிளைவ் சர்ச்சில் பதக்கமும் கிளியரிக்கே கிடைத்தது. முந்தைய நிமிடங்களில் பந்து எதிரணியிடம் இருந்தது. பந்து வந்தபோது அவர் முன்போலவே தடுப்பு வரிசைவரை அதைச் சுமந்து போனார். ஃபார்ம் என்று நான் சொல்வது அந்தப் பழக்கத்தை. ஐந்து நிமிட விளைவை அல்ல.

அணியின் ஃபார்முக்கும் இது பொருந்தும். 2025 பருவம் ஏறக்குறைய பாதியை எட்டியபோது பென்ரித் அட்டவணையின் அடியில் கிடந்தது. அதே அணி பிறகு எழுந்து வந்து, இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் பிரிஸ்பேனிடம் 16-14 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. அந்த ஆண்டின் பட்டத்தை வென்றது பிரிஸ்பேன்தான். ஆகவே தோல்விகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு அணியை ஜூன் மாதத்திலேயே கைகழுவ வேண்டாம். அந்த நடு மாதங்களில் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் மூன்று ஆட்டங்களும் வந்துவிடும்; சிறந்த வீரர்கள் கிளப்பை விட்டுப் போவார்கள், அல்லது களைத்த உடம்போடு திரும்பி வந்து சில நாட்களிலேயே மறுபடி ஆடுவார்கள். அப்போது காணும் தளர்ச்சியை ஃபார்ம் வீழ்ச்சி என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு வரி போதும்: எந்த மீட்டரில் தொடங்கியது, எத்தனை பிளே-த-பால் மூன்று விநாடிக்குள் வந்தது, ஐந்தாவது டேக்கிள் எங்கே முடிந்தது, பந்து எப்படிக் கைமாறியது. தன் 20 மீட்டர் கோட்டில் தொடங்கிய செட் நடுக்கோட்டைத் தாண்டி உதையில் முடிந்தால், அதை நல்ல செட் என்று குறிப்பேன். தவறுகளை எழுதும்போது எந்த டேக்கிளில் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எதிரணிக் கோட்டருகே நான்காவது டேக்கிளில் துணிந்து கொடுத்த ஆஃப்லோடு (பிடிபடும்போதே தட்டிவிடும் பாஸ்) தவறிப்போவதும், தன் கோட்டருகே முதல் டேக்கிளில் பந்தை நழுவவிடுவதும் கணக்கில் ஒரே ‘தவறு’தான், பின்னது மட்டுமே கவலைக்குரியது.

காயத்திலிருந்து திரும்பும் வீரருக்கு மட்டும் ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். தோள் காயம் என்றால், முதல் இருபது நிமிடத்தில் அவர் எந்தக் கையில் பந்தைச் சுமக்கிறார், எந்தத் தோளால் மோதுகிறார் என்று பாருங்கள். வழக்கமாக வலத்தோளால் அடிப்பவர் ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருப்பி இடத்தோளைக் கொடுத்தால், அவர் இன்னும் முழுதாகத் தேறவில்லை. எதிரணியின் பயிற்சியாளரும் அதைப் பார்த்திருப்பார், அந்தப் பக்கமாகவே ஓட்டங்களை அனுப்புவார். எந்த வாரம் அவர் யோசிக்காமல் பழைய தோளைக் கொடுக்கிறாரோ, அந்தத் தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, அவருடைய ஃபார்மை அங்கிருந்து கணக்கிடத் தொடங்குங்கள்.