இங்கிலாந்துப் பழைய பதிவுகளில் ஒரு மூதாதையின் பெற்றோரைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் மகள் கல்யாணம் செய்துகொண்டது இங்கிலாந்துப் பையனை. பேத்தியின் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். என் பக்கத்துக் கிளையை வாய்வழியாகவே சொல்லி முடித்துவிட்டேன். அப்பா பக்கத்துக் கிளை சம்பந்தி அம்மாவின் பாட்டியோடு நின்றுவிட்டது. அந்தப் பாட்டியின் அம்மா லங்காஷயரில் பருத்தி ஆலையில் வேலை செய்தவர், அவ்வளவுதான் தெரியும். அவரைப் பெற்றவர்கள் யார் என்று தேடப் போய்த்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அவரை இங்கே 'ஆலைப் பாட்டி' என்றே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் அதே பெயர், அதே வயதில் ஒருவர் கிடைத்தவுடன் மரத்தில் ஒட்டிவிடாதீர்கள். நமக்கு முற்றிலும் தெரிந்த ஆளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். ஒரு காகிதம்தான் அடுத்த காகிதத்தைக் காட்ட வேண்டும்.

படி 1: தெரிந்தவரின் பிறப்புச் சான்றிதழ்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. அதற்குப் பின் பிறந்தவர் என்றால் பொதுப் பதிவு அலுவலகத்தின் (ஜி.ஆர்.ஓ.) இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, பிறப்பு அட்டவணையை இலவசமாகத் தேடலாம். பழைய அச்சு அட்டவணையில் தாயின் கன்னிப் பெயர், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் இருக்கும். இந்தத் தளத்து அட்டவணையில் அது 1837-லிருந்தே இருக்கிறது. ஒரே பெயரில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தாலும் இதை வைத்துச் சலித்தெடுத்துவிடலாம்.

சரியான பதிவு என்று பட்டால் சான்றிதழின் படத்தை வாங்குங்கள். பழைய பிறப்புகளுக்கு மின்படம் கிடைக்கும், காகிதச் சான்றிதழை விட விலை குறைவு. அதில் தாயின் பெயருக்குப் பக்கத்தில் 'ஃபார்மர்லி' என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு அடுத்து வருவதுதான் கன்னிப் பெயர். இடையில் 'லேட்' என்று இன்னொரு பெயர் வந்தால், அவருக்கு அதற்கு முன்பே ஒரு திருமணம் நடந்திருக்கிறது என்று பொருள். சம்பந்தி அம்மாவின் பாட்டியுடைய சான்றிதழில்தான் ஆலைப் பாட்டியின் கன்னிப் பெயர் எனக்குக் கிடைத்தது.

படி 2: திருமணப் பதிவு

இப்போது கணவன் பெயரும் மனைவியின் கன்னிப் பெயரும் கையில் இருக்கின்றன. ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்தில் இரண்டு பெயரையும் தனித்தனியே தேடுங்கள். இரண்டுக்கும் ஒரே காலாண்டு, ஒரே மாவட்டம், ஒரே தொகுதி எண், ஒரே பக்க எண் வந்தால் அந்தத் திருமணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

1837-க்குப் பிந்தைய திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் எழுத இடம் உண்டு. தாயின் பெயரைச் சேர்த்தது 2021 மே மாதத்தில்தான். அதனால் இந்தக் காகிதம் பாதிப் பெற்றோரைத்தான் தரும். வயதுக் கட்டத்தில் 'ஃபுல் ஏஜ்' என்றிருந்தால் 21 நிரம்பியவர் என்று மட்டும் அர்த்தம். அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட முடியாது.

ஜி.ஆர்.ஓ. தருவது நகல் எடுத்த பதிவு. உண்மையான கையெழுத்து தேவாலயத்துப் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்த கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றின் படங்கள் இணையத்திலும் உண்டு. ஆலைப் பாட்டியின் 1884 திருமணப் பக்கத்தை அப்படித்தான் பார்த்தேன். மணமகனின் தந்தை பெயர் இருந்தது, 'நெசவாளர்' என்று தொழில் இருந்தது. மணமகளின் தந்தை இருக்க வேண்டிய இடத்தில் பேனாவால் இழுத்த ஒரு கோடு, முடிவில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கீழே அவர் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அதைச் சுற்றி அவர் பெயரைக் குருவானவர் எழுதியிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அன்றைக்கு வேறு எதையும் தேட மனம் வரவில்லை.

படி 3: மக்கள் தொகைக் கணக்கெடுப்பு

கோடு விழுந்தால் தேடல் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த ஆள் சின்னப் பிள்ளையாக யார் வீட்டில் இருந்தார் என்று பாருங்கள். கணக்கெடுப்பு பத்து ஆண்டுக்கு ஒரு முறை நடந்தது. 1841 முதல் 1921 வரை இப்போது பார்க்கலாம். 1931 ஏடுகள் 1942-ல் தீப்பிடித்து எரிந்து போயின, 1941-ல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. 1881-க்கான பெயர்ப் பட்டியலை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

1841-ஐ மட்டும் கவனமாகக் கையாளுங்கள். அதில் உறவுமுறை கிடையாது. பதினைந்துக்கு மேற்பட்ட வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். 1851-லிருந்து குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்ற இரண்டும் வருகின்றன. உறவுச் சொல்லிலும் ஒரு குழி உண்டு. 'சன் இன் லா' என்று எழுதியிருப்பது பல இடங்களில் மருமகனை அல்ல, மனைவியின் முதல் திருமணத்துப் பையனை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படி எழுதியிருந்தால் திகைக்காதீர்கள்.

1871 ஏட்டில் எங்கள் ஆலைப் பாட்டிக்கு வயது எட்டு. உறவுக் கட்டத்தில் 'பேத்தி'. அதே வீட்டில் குடும்பத் தலைவரின் மகள், திருமணமாகாதவர், 29 வயது, பருத்தி நெசவு. தாயாக இருக்கலாம், அத்தையாகவும் இருக்கலாம். உறுதி செய்ய மறுபடி ஜி.ஆர்.ஓ. அட்டவணைக்குப் போனேன். 1862-ல் அந்தப் பெயரில் ஒரு பிறப்பு. தாயின் கன்னிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறு கோடு. கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த அட்டவணையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சான்றிதழை வரவழைத்தேன். தாய், அந்த 29 வயதுப் பெண்தான்.

தந்தைக் கட்டம் அதிலும் காலி. ஆனால் பிள்ளைக்கு வைத்த நடுப்பெயர் ஒரு குடும்பப் பெயர் போல இருந்தது. தந்தையின் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைப்பது அந்தக் காலத்தில் நடந்ததுதான். 1861 கணக்கெடுப்பில் அதே தெருவில் அந்தப் பெயரோடு ஒரு வீடும் இருக்கிறது. இது தடயம், சான்று அல்ல. மரத்தில் பென்சிலால் மட்டும் குறித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடு போட வெட்கப்பட்டு, தாத்தாவின் பெயரையோ இல்லாத ஒருவர் பெயரையோ தந்தை என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் பெயர் இருந்தாலும் வேறொரு பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: 1837-க்கு முன்னால் போனால்

இங்கே தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. தாமஸ் குரோம்வெல் 1538-ல் போட்ட உத்தரவால் ஒவ்வொரு பாரிஷிலும் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதத் தொடங்கினார்கள். 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சிட்ட படிவம் வந்தது. அதில் பெற்றோர் பெயர், ஊர், தந்தையின் தொழில் எல்லாம் இருக்கும். அதற்கு முன் குருவானவரின் மனம்போல. பதிவேடு நனைந்தோ தொலைந்தோ போயிருந்தால், ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய பிரதி இருக்கிறதா என்று காப்பகத்தில் கேளுங்கள்.

கடலோடி ஜேம்ஸ் குக்கையே எடுத்துக்கொள்வோம். யார்க்‌ஷயரில் மார்ட்டன் என்ற ஊரில் 1728 நவம்பர் 3 அன்று அவருக்கு ஞானஸ்நானம். பதிவேட்டில் இருப்பது ஒரே வரி: தினக்கூலி ஜேம்ஸ் குக்கின் மகன் ஜேம்ஸ். தாயின் பெயரே இல்லை! இந்த மாதிரி நேரத்தில் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில், அக்கம்பக்கத்துப் பாரிஷ்களின் திருமண ஏடுகளில் தந்தையின் பெயரைத் தேட வேண்டும். திருமணம் பெரும்பாலும் பெண் ஊரில்தான் நடக்கும். குக் விஷயத்தில் அது 1725-ல் பக்கத்து ஸ்டெயின்டனில் இருக்கிறது. மணமகள் தார்னபி ஊரைச் சேர்ந்த கிரேஸ் பேஸ். தந்தை எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் எட்னமிலிருந்து வந்தவர் என்பதால், அவருடைய பெற்றோரை யார்க்‌ஷயரில் எவ்வளவு தேடினாலும் கிடைத்திருக்காது.

தேதி விஷயத்தில் ஜாக்கிரதை. 1752-க்கு முன் ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல். ஏட்டில் 1728 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1729. 1733-க்கு முந்தைய ஏடுகள் சில லத்தீனில் இருக்கும், பெயர்கள் லத்தீன் வடிவில் வரும், அவ்வளவுதான்.

தேடும் ஆள் மதராஸில் பிறந்த ஆங்கிலேயர் அல்லது ஆங்கிலோ இந்தியர் என்றால் வழியே வேறு. அந்த ஞானஸ்நானங்களின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் சங்கத்தின் இலவசத் தரவுத்தளத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 5: அடக்கப் பதிவையும் பாருங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொருத்தமான ஞானஸ்நானம் கிடைத்ததும் அதே பாரிஷின் அடக்க ஏட்டை அடுத்த பத்து ஆண்டுக்காவது புரட்டுங்கள். அந்தப் பிள்ளை கைக்குழந்தையாகவே இறந்திருந்தால் அது உங்கள் மூதாதை அல்ல. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சகஜம். எனவே அடக்கம் கண்ணில் பட்டால் ஏட்டை மூடாமல், அதே பெற்றோருக்கு அதே பெயரில் இன்னொரு ஞானஸ்நானம் வருகிறதா என்று தொடர்ந்து பாருங்கள். உங்கள் ஆள் அந்த இரண்டாவது பிள்ளையாக இருக்கக்கூடும்.