வசந்தத்தில் பூக்கும் ஓராண்டுச் செடிகள்: விதைப்பு முதல் விதை சேகரிப்பு வரை

வசந்த காலத்தில் தோட்டம் நிறையப் பூக்க வேண்டுமானால், வேலையை அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். பான்சி, ஸ்னாப்டிராகன், காலெண்டுலா, லார்க்ஸ்பர், பாப்பி, ஸ்வீட் பீ ஆகிய யாவும் குளிர்ந்த மண்ணில் நிதானமாக வேரூன்றி வளர்பவை. தாமதமாக விதைத்தால், செடி திடம் பெறுவதற்குள் வெயில் ஏறிவிடும். குட்டைத் தண்டில் சில பூக்களைக் காட்டிவிட்டு அது ஓய்ந்துவிடும். கடும் உறைபனி பெய்யும் இடங்களில் மட்டும், கடைசி உறைபனிக்கு 8 முதல் 10 வாரங்களுக்கு முன்பு பான்சியையும் ஸ்னாப்டிராகனையும் வீட்டுக்குள் தட்டுகளில் விதைப்பது நல்லது.

விதைக்கும் முறை செடிக்குச் செடி மாறும். தூசியைப் போல நுண்ணியதான ஸ்னாப்டிராகன் விதை முளைக்க வெளிச்சம் தேவை என்பதால், அதை ஈரமண்ணின் மேல் தூவி இலேசாக அழுத்தினால் போதும். மண்ணால் மூடக் கூடாது. பான்சி விதையோ இருட்டில்தான் நன்றாக முளைக்கும். அதன்மேல் மெல்லிய மண் போர்வை அவசியம். ஸ்வீட் பீ விதைகளை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து ஊன்றலாம். பாப்பியும் லார்க்ஸ்பரும் ஆணிவேர் அசைக்கப்படுவதைத் தாங்காதவை; ஆகவே அவற்றின் விதைகளை உலர்ந்த மணலுடன் கலந்து, பூக்க வேண்டிய பாத்தியிலேயே நேரடியாகத் தூவி, முளைத்த பின் நெருக்கமானவற்றைக் களைந்துவிட வேண்டும்.

நாற்றுப் பருவத்தில் பெரிய எதிரி நாற்றழுகல் நோய். மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். வந்தபின் காப்பாற்ற முடியாது என்பதால், சுத்தமான தட்டு, நெருக்கமில்லாத விதைப்பு, நல்ல காற்றோட்டம், தட்டின் அடியிலிருந்து நீர் ஊட்டுதல் ஆகியவற்றில் தொடக்கத்திலிருந்தே கவனமாக இருக்க வேண்டும்.

நாற்றுகளை ஒரு வாரம் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கியபின், மாலை வேளையில் நடுங்கள். தினமும் குறைந்தது 6 மணி நேரம் வெயில் படுகிற, நீர் தேங்காத, மட்கு உரம் கலந்த பாத்தி வேண்டும். பான்சிக்கு 15 முதல் 20 செ.மீ., ஸ்னாப்டிராகனுக்கு 20 முதல் 30 செ.மீ. இடைவெளி விடலாம். ஒரே நிறச் செடிகளைக் கூட்டமாக நடுவதே என் விருப்பம். கலந்து நட்டால் தூரத்திலிருந்து எந்த நிறமும் எடுப்பாகத் தெரிவதில்லை.

ஸ்னாப்டிராகன் 10 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நன்றாக வளரும் செடியைக் கிள்ள மனம் வராதுதான். ஆனால் பூப்பது சற்றுத் தள்ளிப்போனாலும், ஒற்றைத் தண்டுக்குப் பதிலாகப் பக்கக் கிளைகள் பல எழுந்து ஒவ்வொன்றும் பூங்கதிர் தரும். ஸ்வீட் பீக்கும் இதே முறை பொருந்தும். கூடவே படர்வதற்குக் கொம்போ வலையோ தேவை. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை அள்ளி இட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும்; இளந்தளிரை நாடி, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து சேரும்.

பூக்கத் தொடங்கியபின் வாடிய பூக்களை நீக்குவதே முக்கிய வேலை. விதை முற்றத் தொடங்கினால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பான்சியில் சுருங்கிய இதழை மட்டும் பிய்த்தால் அதன் பின்னிருக்கும் பச்சை விதைக்காய் தங்கிவிடும். எனவே காம்போடு கிள்ள வேண்டும். ஸ்வீட் பீ பூக்களை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தால் புது மொட்டுகள் தொடர்ந்து வரும்.

பருவ இறுதியில் மட்டும் நல்ல செடிகள் சிலவற்றில் பூக்களைப் பறிக்காமல் விட்டு விதை எடுக்கலாம். காலெண்டுலாவின் வளைந்த விதைகள் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் சேகரித்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கவும். வீரிய ஒட்டு ரகச் செடிகளிலிருந்து எடுத்த விதைகளில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது என்பதால், அவற்றுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புது விதையே வாங்க வேண்டும்.