ஒரே மாடல், ஒரே அளவு, ஆனால் வேற வேற பிரஷ்: கையால் கட்டிய பேட்ஜர் பிரஷ்ஷைப் பார்த்து எடுப்பது எப்படி

பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடியைக் கையால் கட்டிச் செய்த ஷேவிங் பிரஷ் வாங்குவதாக இருந்தால் முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மாடல் பெயரை நம்பிக் கைப்பிடியை வாங்கலாம், முடியை வாங்க முடியாது. ஒரே மாடலில் இரண்டு பிரஷ் எடுத்தால் ஒன்று கன்னத்தில் விறைப்பாக நிற்கும், இன்னொன்று தொளதொளவென்று படுத்துவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் எது இயல்பான வித்தியாசம், எது உண்மையான குறை என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் காரணம் முடிதான். அதன் நீளமும் தடிமனும் நடுவில் வரும் கறுப்புப் பட்டையின் அகலமும் விலங்குக்கு விலங்கு, பருவத்துக்குப் பருவம், உடம்பில் எந்த இடத்து முடி என்பதைப் பொறுத்து மாறும். பிரிட்டனில் பேட்ஜர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதனால் அங்கே கட்டும் பிரஷ்களுக்கும் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது; ஒரு கட்டு வந்த மாதிரியே அடுத்த கட்டும் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்புறம் கை வேலை. முடியை எடைபோட்டு, நுனி கீழே இருக்கும்படி ஒரு சின்னக் கிண்ணம் போன்ற அச்சில் போட்டு, தட்டித் தட்டி உட்கார வைக்கிறார்கள். பிரஷ்ஷின் தலை உருண்டையாக வருவது அந்தக் கிண்ணத்தால்தான், நுனியில் கத்தரி படுவதே இல்லை. பிறகு வேர்ப்பக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டி, பசை போட்டு, கைப்பிடியின் குழியில் பதிக்கிறார்கள். ஒரு சிட்டிகை முடி கூடினாலும் நூல் ஒரு சுற்று இறுகினாலும் குழியில் ஒரு மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினாலும் கையில் வருவது வேறு பிரஷ்.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் தண்ணீரில் நனைக்காதீர்கள். நனைத்த பிரஷ்ஷைத் திருப்பி எடுப்பவர்கள் குறைவு. முதலில் அளவெடுங்கள். முடிக்கட்டின் அடியில், கைப்பிடியை விட்டு வெளியே வரும் இடத்தில், அழுத்தாமல் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் விட்டம் தெரியும்; அங்கிருந்து நடுநுனி வரை அளந்தால் அதுதான் லாஃப்ட். விட்டம் 22 முதல் 26 மி.மீ. வரை இருப்பது சகஜம், லாஃப்ட் 50 மி.மீ.யை ஒட்டி இருக்கும். ஒன்றிரண்டு மி.மீ. தானே என்று விட்டுவிடாதீர்கள். 23 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால், முடி நிற்கும் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடிவிடுகிறது. அதே விட்டத்தில் லாஃப்ட் குறைந்தால் பிரஷ் விறைக்கும், கூடினால் தளரும். முகத்தில் நீங்கள் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு எண்களும் முடியின் அடர்த்தியும் சேர்ந்து செய்வது.

அடுத்து நல்ல வெளிச்சத்தில் முடியை விரலால் விலக்கி நுனியைப் பாருங்கள். வெட்டுப்படாத நுனி ஊசி மாதிரி மெலிந்து முடியும். மொட்டையாக, ஒரே மட்டத்தில் நறுக்கினது போல இருந்தால் அது முகத்தில் குத்தும், நாள்பட்டும் சரியாகாது. நடுவில் முடி இல்லாமல் பள்ளமாக இருந்தாலும், முடிக்கட்டைப் பிடித்து மெல்ல அசைக்கும்போது கைப்பிடிக்குள் ஆடினாலும் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். தலை லேசாக ஒருபக்கம் சாய்ந்திருப்பது, பட்டையின் நிறம் ஒரே சீராக இல்லாதது, ஓரத்தில் ஓரிரு முடி நீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் கை வேலையின் அடையாளம், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்ற தரப் பெயர்களை வைத்து இரண்டு தயாரிப்பாளர்களை ஒப்பிடாதீர்கள். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை, ஒருவர் பெஸ்ட் என்பதை இன்னொருவர் சூப்பர் என்பார்.

சரி, பார்வையில் தேறிவிட்டது. இனி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ போட்டு அலசுங்கள் (கொதிக்கும் தண்ணீர் பசையையும் முடியையும் கெடுக்கும்), உள்ளங்கையில் நுரை கட்டி அலம்பிவிடுங்கள். ஈர விலங்கு வாடை வந்தால் பயப்பட வேண்டாம், சில அலசலில் போய்விடும். தொடக்கத்தில் சில முடி உதிர்வதும் இயல்புதான். வாரக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தாலோ கொத்தாக வந்தாலோ அது கட்டில் உள்ள குறை. இன்னொன்று, புது பிரஷ் மூடின மொட்டு மாதிரி இருக்கும், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்துதான் விரியும். அதனால் முதல் ஷேவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், இரண்டு மூன்று வாரமாவது கொடுங்கள்.

அதற்குப் பிறகும் விறைப்பாகத்தான் இருக்கிறது என்றால் அதைக் கெட்டியான சோப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், சோப்பைத் தேய்த்து எடுக்க அந்த விறைப்புதான் வேண்டும். தளர்வானதற்கு கிரீம் சரியாக இருக்கும், ஓவியத் தூரிகை போல மேலும் கீழும் தடவினால் போதும். ரொம்ப அடர்த்தியான பிரஷ் நுரையை உள்ளேயே வைத்துக்கொள்ளும். சோப்பைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, நடுவே ஒருமுறை அடிப்பக்கத்திலிருந்து பிழிந்துவிட்டால் தானாக வெளியே வரும்.

ஆன்லைனில் எடுப்பவர்கள் மாதிரிப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அனுப்பப்போகும் அதே பிரஷ்ஷின் படத்தையும், அளந்து பார்த்த விட்டத்தையும் லாஃப்ட்டையும் கேளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.