14 அடியா, 18 அடியா? மதுரைக்காரர் படகு வாங்கும்போது

சொந்தமாக மோட்டார் படகு வாங்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். படகை எங்கே ஓட்டப்போகிறீர்கள், எத்தனை பேர் ஏறுவீர்கள், எந்த வண்டியில் இழுத்துப் போவீர்கள், இது மூன்றும் தெளிவானால் பாதி வேலை முடிந்தது.

வைகை அணையில் நம் இஷ்டத்துக்குப் படகு இறக்க முடியாது, அனுமதி வேண்டும். அதனால் மதுரைக்காரருக்குப் பெரும்பாலும் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துக் கடல்தான். பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, காற்று கொஞ்சம் ஏறினாலே அலை குட்டையாக, நெருக்கமாக, அடுத்தடுத்து வரும். 14 அடிப் படகு ஒரு அலையில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அறைந்து, முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் தொப்பலாக நனைத்துவிடும். 18 அடிப் படகில் விளிம்பு உயரம், எடையும் அதிகம் என்பதால் அதே அலையை நிதானமாக வெட்டிப் போகும். அவசரத்துக்குத் தீவில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் கணக்குப் போடாதீர்கள், அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.

ஆனால் பெரிய படகை நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டுமே! ஃபைபர் உடல், 90 குதிரைத்திறன் எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும், கடற்கரை மணலில் சாதாரண கார் திணறிவிடும். 30 குதிரைத்திறன் பூட்டிய 14 அடி அலுமினியப் படகு என்றால் அந்தத் தொல்லை இல்லை. முழு வேகத்தில் அது மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல் குடிக்கும், பெரியது முப்பதுக்கு மேல்.

என் கருத்து இதுதான்: இரண்டு மூன்று பேர் தூண்டில் போட விடியற்காலையில் போய், காற்று ஏறுமுன் கரை சேருவீர்கள் என்றால் 14 அடி தாராளம். பிள்ளைகள், வயதான அப்பா அம்மாவோடு போவதென்றால் 18 அடிதான், பணம் போதாவிட்டால் சேரும்வரை பொறுங்கள், சின்னப் படகில் ஆறு பேரை ஏற்றாதீர்கள். 2009-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்களே, பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சின்னப் படகில் ஒருவர் எழுந்து நின்றாலே அந்தச் சாய்வு வந்துவிடும்.

பழைய படகு வாங்கினால் எந்த அளவானாலும் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையைப் பாருங்கள். எஞ்சினின் அடிக்காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகை லேசாக வளைந்தாலோ, போல்ட்டைச் சுற்றி ஃபைபரில் கீறல் தெரிந்தாலோ உள்ளே மரம் ஊறி உளுத்திருக்கலாம். அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.