கடற்கரையில் சேகரித்ததைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் சரக்கு இறக்கும் நேரத்தில் விலைபோகாத கழிசல் குவியல் பக்கம் போனால், வாளியும் பாட்டிலுமாகக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைப் பார்க்கலாம். நட்சத்திரமீன், நண்டு, சங்கு, சிப்பி என்று முதுகெலும்பில்லாத கடல் உயிர்களைப் பொறுக்கி அடையாளம் காண வந்தவர்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு புதுக் கூட்டமும் முந்தைய கூட்டம் செய்த தப்பையே செய்கிறது. தொப்பி போடு, செல்போனை உப்புத் தண்ணீரில் போடாதே போன்றவற்றை உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். மற்றதைப் பார்ப்போம்.

பாறை தேடி அலைவது

வெளிநாட்டுக் கையேடுகளில் முதல் அத்தியாயமே பாறைக் குட்டைகள்தான். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஒன்றுமே இல்லை என்று திரும்புகிறார்கள். பழையாறிலிருந்து கோடியக்கரை வரை நம் கரை, காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும். கடல் ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டருக்குள்தான். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும் என்று காத்திருந்து பயனில்லை.

அலை வந்து திரும்பும் இடத்து மணலைக் கையால் அள்ளிப் பாருங்கள். ஆப்பு வடிவச் சின்ன மட்டிகள் விரல் இடுக்கிலேயே மறுபடி புதையப் பார்க்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள், ஊசிக்கோபுரம் போன்ற நத்தைகள். கல்தான் வேண்டும் என்றால் தூண்டில் வளைவுக்கு, அதாவது கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கொட்டிய கல்வரிசைக்குப் போங்கள். அங்கே சுண்ணாம்புக் கூம்பாக ஒட்டியிருப்பது கொட்டலசு. ஓட்டைப் பார்த்து அதைச் சிப்பிக் கணக்கில் எழுதாதீர்கள்; அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. தண்ணீர் மூடும்போது கூம்பின் வாய் திறந்து இறகு போன்ற கால்கள் வெளியே வந்து வீசும்.

கடல் அட்டை

தொடாதீர்கள். 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்துக் கிடந்தாலும் சட்டம் அதேதான்.

எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போடுவது

இதை நினைத்தாலே இன்னமும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு மாணவர் ஒரு பருவம் முழுக்க அலையாத்தி ஓரமும் துறைமுகமுமாக அலைந்து சேர்த்ததை ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் கொண்டுவந்தார். உள்ளே முழுக்கப் பார்மலின். கல்லூரி ஆய்வகத்தில் அதுதான் கொடுத்தார்களாம். திறந்ததும் கண் எரிந்தது. நத்தை ஓடுகள் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. மேல்பரப்பில் இருக்க வேண்டிய நுண்ணிய வரிகளைக் காணோம். நொறுங்கு நட்சத்திரங்களின் (மெல்லிய கைகள் கொண்ட, நட்சத்திரமீனுக்கு உறவான உயிர்) உடல் தனியாக, கைகள் தனியாக, எது எதனுடையது என்று தெரியாமல் அடியில் கிடந்தன. பூப்போல விரிய வேண்டிய கடல் சாமந்தி என்ற உயிர் ஒரு கொழுக்கட்டை மாதிரி சுருண்டிருந்தது. “சார், இதில் எத்தனை இனம் இருக்கும்?” என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? அவருடைய உழைப்பு முழுவதும் அந்தக் கேனுக்குள் கரைந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது. பார்மலின் நாள்பட்டால் அதில் பார்மிக் அமிலம் உண்டாகும். ஓடு, முள், தோலுக்குள் இருக்கும் நுண் எலும்புத் துண்டுகள் எல்லாமே கால்சியம் கார்பனேட். அமிலம் அதைத் தின்னும். நட்சத்திரமீன் கூட்டத்திலும் நத்தை சிப்பி கூட்டத்திலும் இனத்தைப் பிரித்தறிய உதவுவதே அந்தச் சுண்ணாம்புப் பாகங்களின் வடிவம்தான். அது போன பிறகு பாட்டிலில் இருப்பது வெறும் தசை.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் சாராயத்தில், அதாவது எத்தனாலில் போடலாமா? அதுவும் கூடாது. சொறியின் (ஜெல்லிமீன்) உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எத்தனாலில் போட்டால் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். அதற்குப் பார்மலின்தான் சரி: ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு கடல்நீர், அமிலம் முறிய கொஞ்சம் வெங்காரம். நண்டு, இறால், நத்தை, சிப்பி, நட்சத்திரமீன், கடற்பஞ்சு ஆகியவற்றுக்கு 70 சதவீத எத்தனால். பின்னால் மரபணு பார்க்க உத்தேசம் இருந்தால் சிறு துண்டு ஒன்றை 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் தனியாகப் போட்டுவையுங்கள். பார்மலினில் ஊறியதிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு.

கேனில் கைகள் உதிர்ந்து கிடந்ததற்கு அமிலம் மட்டும் காரணம் இல்லை. உயிரோடு திரவத்தில் போட்டால் நொறுங்கு நட்சத்திரம் கையை உதறும், நண்டு காலைக் கழற்றும், சாமந்தி வாயை மூடி உணர்கொம்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் எண்ணவும் முடியாது, அளக்கவும் முடியாது. முதலில் மயக்க வேண்டும். மெக்னீசியம் குளோரைடு படிகம் 75 கிராமை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து, உயிர் இருக்கும் கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தொட்டால் அசையாத நிலை வந்த பிறகு பாட்டிலுக்கு மாற்றலாம். நண்டுக்கு ஐஸ் போதும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம்?

நிறத்தை எந்தத் திரவமும் காப்பாற்றாது. பாட்டிலுக்குள் போகும் முன் படம் எடுத்தாக வேண்டும். பார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையுறை இல்லாமல், மூடிய அறையில் அதைக் கையாளாதீர்கள்.

முதுகை மட்டும் படம் எடுப்பது

புரட்டுங்கள். எனக்கு அடையாளம் கேட்டு வரும் படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்தவை. நண்டின் வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். நட்சத்திரமீனின் அடியில் கைக்குக் கை ஓடும் பள்ளமும் குழாய்க்கால்களும் தெரியும். நொறுங்கு நட்சத்திரத்துக்கு அந்தத் திறந்த பள்ளம் இருக்காது. சங்கு, நத்தைக்கு வாய்ப்பக்கம்.

இறாலில் இரண்டாவது வயிற்றுக் கண்டத்தின் பக்கத் தட்டைப் பாருங்கள். அது முன்னாலும் பின்னாலும் உள்ள தட்டுகளின் மேல் படிந்திருந்தால் ஆற்று இறால் வகை. முட்டையை வயிற்றில் ஒட்டிச் சுமப்பதும் அதுதான். கடல் வெள்ளை இறால், வரி இறால், இப்போது குட்டைகளில் வளர்க்கும் வனாமி மூன்றிலும் அது முன் தட்டின் மேல் படியாது. முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். கழிமுகத்தில் இரண்டு கூட்டமும் ஒரே வலையில் வரும் என்பதால் இந்தத் தட்டு முக்கியம்.

நிறத்தை நம்பி இனம் பிரிப்பது

நீலக்கால் நண்டின் ஆண் நீலம், பெண் மங்கிய பழுப்பு. ஒரு குழுவின் பட்டியலில் அது இரண்டு இனமாக ஏறிவிட்டது. பக்கத்தில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. இது ஆணு, அது பொண்ணு. மூணு கண்ணு இருக்குல்ல, அதான் வேற நண்டு” என்றார். ஓட்டின் பின்பாதியில் மூன்று செம்புள்ளி உள்ள முக்கண் நண்டைத்தான் சொன்னார். ஓட்டில் சிலுவைக்குறி தெரிவது இன்னொன்று, சிலுவை நண்டு. குழப்பம் வந்தால் முதலில் நண்டு பிரிப்பவர்களைக் கேளுங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறங்கள்.

குடியிருப்பவரை வீட்டுக்காரர் என்று எழுதுவது

நத்தை ஓடு நகர்ந்தால் உள்ளே நத்தைதான் என்று அர்த்தமில்லை. வாயில் மூடித்தட்டு இருந்தால் நத்தை. கால் நீட்டினால் துறவி நண்டு.

கரை ஒதுங்கிய சொறி

செத்துக் காய்ந்தாலும் கொட்டும். நீலக் காற்றுப்பையோடு நீளமான நூல்கள் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். அது ஒற்றை உயிர் இல்லை, பல உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். ஒவ்வொரு நூலும் கொட்டும்.

அனுமதி இல்லாமல் எடுப்பது

கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். வனத்துறை அனுமதிக் கடிதம் இல்லாமல் அங்கே எதையும் எடுக்கக் கூடாது. “படிப்புக்குத்தானே சார்” செல்லாது.

இடத்தை எழுதாமல் விடுவது

சீட்டைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். இன்னொரு வழக்கம், துறைமுகத்தில் எடுத்ததையெல்லாம் அந்தக் கரையில் வாழ்வதாக எழுதுவது. படகு எங்கே வலை இழுத்ததோ அதுதான் இடம். டிரைவரிடம் எந்தப் பக்கம் இழுத்தீர்கள், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம், அடி சேறா மணலா என்று கேளுங்கள். பெரும்பாலும் பொறுமையாகவே சொல்வார்கள். கடலில் தங்கி வந்த படகு என்றால் எந்த இழுவையில் எது வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. அப்போது சீட்டில் “நாகப்பட்டினம் துறைமுகம், விசைப்படகுக் கழிசல், ஆழம் தெரியவில்லை” என்று எழுதினால் போதும்.