ஷோரூமில் ‘சர்வீஸ் பேக்கேஜ்’ எடுக்கலாமா? வேலூர் வட்டாரக் கார் உரிமையாளர்கள் போட வேண்டிய கணக்கு

புதுக் காருக்கான விலைப்பட்டியலில் காப்பீடு, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், கால்மிதி என்று வரிசையாக வந்த பிறகு, கீழ்ப்பகுதியில் ‘சர்வீஸ் பேக்கேஜ்’ என்று ஒரு வரி இருக்கும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கான சர்வீஸ் செலவை இன்றைய விலையில் முன்கூட்டியே கட்டிவிட்டால், பிற்பாடு ஆயில் விலையும் லேபர் சார்ஜும் ஏறினாலும் நமக்குப் பாதிப்பில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஹூண்டாயின் ‘ஷீல்ட் ஆஃப் ட்ரஸ்ட்’, ஸ்கோடாவின் ‘சூப்பர்கேர்’ போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தகைய திட்டம் இலாபமா நட்டமா என்பது, வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

முதலில், விற்பனைப் பிரதிநிதி காட்டுவது எந்தத் திட்டம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீட்டித்த வாரண்டி என்பது, உற்பத்திக் குறையால் ஒரு பாகம் பழுதானால் அதைச் சரிசெய்து தருவதற்கான உறுதி. சர்வீஸ் பேக்கேஜ் என்பது ஆயில், ஃபில்டர் முதலியவற்றை உரிய காலத்தில் மாற்றுவதற்கான முன்பணம். இரண்டையும் ஒரே தொகையாகச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. தனித்தனி விலையை எழுதி வாங்குங்கள். அடிப்படை வாரண்டியே இப்போது பல நிறுவனங்களில் நீண்டிருக்கிறது. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது.

அடுத்து, காருடன் தரப்படும் கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி கைக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அதை இறக்கிக்கொள்ள முடியும். பெரும்பாலான கையேடுகளில் ஒவ்வொரு பாகத்துக்கு எதிரிலும் ‘ஆர்’ அல்லது ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். முன்னது மாற்றுவதையும் பின்னது சோதித்துப் பார்ப்பதையும் குறிக்கும். பேக்கேஜின் விளம்பரத் தாளில் ஐம்பது, அறுபது என்று அடுக்கப்படும் அம்சங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான், அதாவது பார்த்துவிட்டு டிக் அடிப்பவை. ‘ஆர்’ என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் தனித்தாளில் எழுதினால், முதல் நான்கு ஆண்டுகளுக்கு அது வியப்பூட்டும் அளவுக்குச் சிறிய பட்டியலாக இருக்கும்: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், வண்டியைப் பொறுத்து ஸ்பார்க் பிளக் அல்லது டீசல் ஃபில்டர். இவற்றுக்கும் தொடக்கத்தில் வரும் இரண்டு மூன்று சர்வீஸ்களில் லேபர் சார்ஜ் கிடையாது. அந்த இலவசத்தைப் பேக்கேஜ் விலைக்குள் வைத்து மறுபடியும் விற்கிறார்களா என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

பட்டியல் தயாரானதும், அதே ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் அட்வைசரிடம் 10,000, 20,000, 30,000, 40,000 கி.மீ. சர்வீஸ்களுக்குத் தனித்தனியாக வரி உட்பட மதிப்பீடு கேளுங்கள். மாடலையும் ஊரையும் கொடுத்தால் செலவைக் காட்டும் வசதி சில நிறுவனங்களின் இணையதளத்திலும் உண்டு. எடுத்துக்காட்டாக, அவர்கள் சொல்லும் தொகைகள் முறையே ரூ.4,000, ரூ.7,000, ரூ.5,500, ரூ.9,500 என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் ரூ.26,000. நான்கு ஆண்டு அல்லது 40,000 கி.மீ. பேக்கேஜின் விலை ரூ.22,000 என்றால், ரூ.4,000 மிச்சம் போலத் தெரியும். ஆனால் அந்த ரூ.22,000 கார் கடனோடு சேர்க்கப்பட்டால், 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணையாக நாம் கட்டுவது ஏறத்தாழ ரூ.27,400. மிச்சம் மறைந்துபோவதோடு, நான்காவது ஆண்டு சர்வீஸுக்கு ஆக வேண்டிய பணத்துக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டியும் கட்டியிருப்போம். எனவே பேக்கேஜை எடுப்பதானால் கடனில் சேர்க்காமல் கைப்பணத்தில் எடுப்பது நல்லது. “மாசத்துக்கு நானூத்தம்பது ரூபாதான் சார் கூட வரும்” என்று சொல்லப்படும்போது, அதை அறுபதால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இனி ஓட்டத்துக்கு வருவோம், ஏனெனில் நம் வட்டாரத்தில் இதில்தான் கணக்கு தலைகீழாக மாறுகிறது. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ குடியிருந்து, கடைக்கும் கோயிலுக்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் மட்டும் வண்டி எடுக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. சர்வீஸ் விதியில் ‘10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அது’ என்று இருப்பதால், அவர்களுக்கும் ஆண்டுதோறும் ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் பிரேக் பேடும் கிளட்ச்சும் நான்காண்டில் தேயப் போவதில்லை. தேய்மான பாகங்களையும் சேர்த்துக்கொண்ட உயர்விலைப் பேக்கேஜ் அவர்களுக்குத் தேவையற்ற செலவு; அடிப்படைப் பேக்கேஜும் கணக்கில் தெளிவாகக் குறைவாக வந்தால் மட்டுமே கருதத்தக்கது.

இதற்கு மாறாக, தோல் வியாபாரத்துக்காக ஆம்பூரிலிருந்தோ இராணிப்பேட்டையிலிருந்தோ வாரந்தோறும் சென்னைக்கும் இடையிடையே பெங்களூருக்கும் போய்வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 140 கி.மீ.; வாரம் ஒரு முறை போய்வந்தாலே ஆண்டுக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். உள்ளூர் ஓட்டத்தையும் கூட்டினால் நான்காண்டுத் திட்டத்தின் 40,000 கி.மீ. வரம்பு இரண்டே ஆண்டில் முடிந்துவிடும். இவருக்குச் சர்வீஸ்கள் அடுத்தடுத்து வருவதால், விலை உயர்விலிருந்து பாதுகாப்பு என்ற வாதம் செல்லாது. இரண்டாண்டுக்குள் விலை அவ்வளவு ஏறிவிடாது. ஆனால் பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் ஆகியவற்றை உள்ளடக்கிய, கிலோமீட்டர் வரம்பு அதிகமுள்ள திட்டம் கிடைத்தால், அது இவருக்கு உண்மையாகவே பயன்படும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்குபவர்களுக்கும் பிரேக் பேட் பற்றிய இதே கருத்து பொருந்தும்.

வேலூர் வெயிலில் முதலில் தளர்வது பேட்டரி. ஏசி தொடர்பான புகார்களும் கத்திரி வெயில் காலத்தில்தான் குவியும். பேட்டரி, டயர், ஏசி கேஸ் நிரப்புதல் ஆகியவை பெரும்பாலான பேக்கேஜ்களில் சேராதவை. வீல் அலைன்மென்ட்டைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஆகவே, எவை சேரும் என்று கேட்பதைக் காட்டிலும் எவை சேராது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குவது பயன் தரும். பேக்கேஜ் இருந்தாலும் இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அடிப்பாகப் பூச்சு என்று கூடுதல் வேலைகளை ஒவ்வொரு முறையும் முன்வைப்பார்கள். கையேட்டில் இல்லாதவற்றை மறுத்துவிடலாம். மின்சாரக் கார்களுக்கு இன்ஜின் ஆயிலே கிடையாது என்பதால் அவற்றுக்கான திட்டங்களின் விலையை இன்னும் கடுமையாகவே பேரம் பேச வேண்டும்.

திட்டத்தை வழங்குவது கார் நிறுவனமா, டீலரா என்பது மிக முக்கியமான கேள்வி. நிறுவனத்தின் திட்டம் பொதுவாக நாட்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பிலும் செல்லும். டீலர் தம் பெயரில் அச்சிட்டு விற்பது அவருடைய கிளைகளில் மட்டுமே செல்லும். குடியாத்தம், அரக்கோணம், திருப்பத்தூர் பகுதியினர், தங்கள் ஊருக்கு அருகிலுள்ள சர்வீஸ் மையம் அதை ஏற்குமா என்று அந்த மையத்திடமே நேரில் கேட்க வேண்டும். டீலர் கடையை மூடினால் அவர் விற்ற முன்பணத் திட்டத்தின் கதி என்ன என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் கார் விற்பனையையே நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கு உற்பத்தியைக் கைவிடும் முடிவை அறிவித்தது. நிறுவனங்களுக்கே இப்படி நேரும்போது, டீலரின் சொந்தத் திட்டத்தில் நான்காண்டுப் பணத்தை முடக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

‘வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடும்’ என்ற அச்சமும் பேக்கேஜ் விற்பனைக்கு உதவுகிறது. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பையும் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவில், வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையையும் கண்டித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் சென்றது. இருப்பினும் நடைமுறையில் வாரண்டிக் காலம் முடியும்வரை அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பிலேயே சர்வீஸ் செய்து ரசீதுகளைச் சேர்த்துவைப்பதே தொல்லையில்லாத வழி. அதற்குப் பேக்கேஜ் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் பணம் கட்டிச் செய்தாலும் அதே பதிவு கிடைக்கும்.

எடுப்பதென்று முடிவு செய்தாலும் டெலிவரி நாளிலேயே எடுக்க வேண்டியதில்லை. பல திட்டங்களை வண்டி வாங்கிச் சில மாதங்கள் கழித்தும் எடுக்கலாம். கடைசித் தேதியை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரை விற்றால் திட்டம் அடுத்த உரிமையாளருக்கு மாறுமா, விபத்தில் வண்டி முற்றிலும் சேதமானால் மீதித் தொகை திரும்புமா, தேதி தாண்டி வந்தால் அந்தச் சர்வீஸ் காலாவதியாகுமா ஆகிய மூன்றுக்கும் விதிமுறைத் தாளில் பதில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதியைப் பிற்பாடு எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

திட்டம் தொடங்கிய பின், ஒவ்வொரு சர்வீஸிலும் ஜாப் கார்டில் பேக்கேஜ் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா, பில்லில் உரிய வரிகளுக்கு எதிரே தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று வண்டியை எடுக்கும் முன் சரிபாருங்கள். ஒப்புக்கொண்டதைச் செய்ய மறுத்தால், எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.