போக்கிமான் கோ கேம்ல சிபி எப்படி கணக்காகுது, எதை பாத்து டஸ்ட் செலவு பண்ணணும்

சிபின்னா காம்பாட் பவர், போக்கிமான் தலைக்கு மேல தெரியற பலக் கணக்கு. டஸ்ட்னா அதை பவர் அப் பண்ண, அதாவது லெவல் ஏத்த, செலவாகற ஸ்டார்டஸ்ட். ரெண்டு டிராகனைட் இருக்குன்னு வைங்க, ரெண்டுமே லெவல் 40. ஒண்ணு சிபி 3792, இன்னொண்ணு 3341. ஒரே போக்கிமான் ஒரே லெவல், அப்புறம் எப்படி 451 வித்தியாசம்? ரொம்ப நாளா விளையாடுறவங்களே பாதி பேர் "அது ஏதோ ஐவி மேட்டர்"னு சொல்லிட்டு நகந்துடுவாங்க. கணக்கு ஒண்ணும் பெரிய கம்பசூத்திரம் இல்ல, கால்குலேட்டர்ல ரூட் பட்டன் இருந்தா போதும்.

ஒவ்வொரு போக்கிமானுக்கும் அட்டாக், டிஃபென்ஸ், ஸ்டாமினான்னு மூணு பேஸ் ஸ்டாட் இருக்கு. இது இனத்துக்கே பொது, உங்க டிராகனைட்டுக்கும் என் டிராகனைட்டுக்கும் அதே 263, 198, 209 தான். அதுக்கு மேல ஒவ்வொண்ணுலயும் 0ல இருந்து 15 வரைக்கும் ஐவின்னு ஒரு போனஸ் கூடும், இது ஒவ்வொரு போக்கிமானுக்கும் தனித்தனி. கடைசியா லெவலுக்கு ஒரு பெருக்கல் எண் இருக்கு, சிபிஎம்னு சொல்வாங்க. கேம் ஸ்க்ரீன்ல லெவல் நம்பரையே காட்டாது, தலைக்கு மேல அந்த வளைவுக் கோட்ல ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நகரும், அதனாலதான் இப்படி ஒரு எண் இருக்கறதே பல பேருக்கு தெரியல.

ஃபார்முலா இதுதான்: பேஸ் அட்டாக்கோட ஐவிய கூட்டுங்க, அதை டிஃபென்ஸ் கூட்டுத்தொகையோட வர்க்கமூலத்தாலயும் ஸ்டாமினா கூட்டுத்தொகையோட வர்க்கமூலத்தாலயும் பெருக்குங்க, வர்றத சிபிஎம்மோட வர்க்கத்தால பெருக்கி 10ஆல வகுத்து, புள்ளிக்கு அப்புறம் இருக்கறத வெட்டி எறிஞ்சிடுங்க. போட்டுப் பாப்போமா? டிராகனைட் ஹண்டோ, அதாவது 15/15/15. அட்டாக் 278. டிஃபென்ஸ் 213, ரூட் 14.59. ஸ்டாமினா 224, ரூட் 14.97. லெவல் 40 சிபிஎம் 0.7903, வர்க்கம் 0.6246. எல்லாத்தையும் பெருக்கி பத்தால வகுத்தா 3792 சொச்சம், சொச்சம் போக 3792. ஐவி எல்லாம் 0னு போட்டா 3341. எச்பி, அதாவது எவ்வளவு அடி தாங்கும்ங்கற உயிர் கணக்கு, இன்னும் ஈஸி, ஸ்டாமினா 224 பெருக்கல் 0.7903, வருது 177.

இப்ப கவனிங்க, அட்டாக் மட்டும் முழுசா பெருக்கப்படுது, மத்த ரெண்டும் ரூட் போட்டு சுருங்கித்தான் உள்ள வருது. அதனால சிபி பெருசா இருந்தா அது பலசாலின்னு அர்த்தம் இல்ல, முக்காவாசி அட்டாக் பெருசுன்னுதான் அர்த்தம். ஷக்கிள பாருங்க, பேஸ் டிஃபென்ஸ் 396, இடிச்சாலும் இளகாத பாறாங்கல்லு, ஆனா அட்டாக் 17, அவ்வளவு டிஃபென்ஸ் வச்சிக்கிட்டும் லெவல் 40 ஹண்டோவுக்கு சிபி 405 தான்.

இந்த பேஸ் ஸ்டாட் எங்கிருந்து வருதுன்னா, மெயின் சீரீஸ் கேம்ல (போக்கிமான் கோவுக்கு முன்னாடி இருந்தே வர்ற போக்கிமான் கேம்கள்) இருக்கற ஆறு ஸ்டாட்டை மூணா உருக்கி எடுக்கறாங்க. மியூடூ அங்க எச்பி 106, அட்டாக் 110, டிஃபென்ஸ் 90, ஸ்பெஷல் அட்டாக் 154, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 90, ஸ்பீட் 130. ரெண்டு அட்டாக்ல பெருசுக்கு எட்டுல ஏழு பங்கு, சின்னதுக்கு ஒரு பங்கு, அதை ரெண்டால பெருக்கினா 297. ஸ்பீடு 75க்கு மேல எவ்வளவோ அதை 500ஆல வகுத்து 1ஓட கூட்டினா 1.11, அதையும் பெருக்கினா 330. டிஃபென்ஸுக்கும் இதே கதைதான், ஆனா பங்கு எட்டுல அஞ்சும் மூணும். எச்பிக்கு 1.75ஆல பெருக்கி 50 கூட்டணும், அதுல ஸ்பீடு சேராது. இப்படி வந்த ஸ்டாட்டை வச்சு லெவல் 40 சிபி 4000 தாண்டிச்சுன்னா 9 சதவீதம் எல்லாத்துலயும் வெட்டு விழும், மியூடூவுக்கு விழுந்துது, அதான் 300, 182, 214ன்னு நிக்குது. 2018 கடைசியில டிஃபென்ஸ், ஸ்டாமினா கணக்கை மாத்தினாங்க, முன்னாடி எச்பிய நேரா ரெண்டால பெருக்குவாங்க, சான்சிக்கு ஸ்டாமினா 500 இருந்துது, இப்ப 487. அதுக்கு முந்தின டேபிளை எவனாவது அனுப்பினா நம்பிடாதீங்க.

சரி டஸ்ட் விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். சிபிஎம் லெவல் 20ல 0.5974, 30ல 0.7317, 40ல 0.7903, 50ல 0.8403. பாத்தீங்களா, 30 வரைக்கும் ஜோரா ஏறிட்டு அதுக்கப்புறம் மூச்சு வாங்குது. அந்த ஹண்டோ டிராகனைட் லெவல் 20ல 2167, 30ல 3251, 40ல 3792. முதல் பத்து லெவலுக்கு 75,000 ஸ்டார்டஸ்ட், கிடைக்கறது 1084 சிபி. அடுத்த பத்து லெவலுக்கு 1,50,000, கிடைக்கறது 541. ரெட்டிப்பு காசு குடுத்து பாதி சரக்கு. அதனால ரெய்டு (பாஸ் போக்கிமானை டீமா அடிச்சு புடிக்கற சண்டை) டீம் புதுசா கட்டுறவங்க ஒரே ஒருத்தனை 40க்கு ஏத்தறதுக்கு பதிலா மூணு பேரை 20ல இருந்து 30க்கு ஏத்திடுங்க, செலவு அதேதான் 2,25,000, ஆனா டீமா நின்னு அடிப்பாங்க. லக்கி போக்கிமானா (மத்தவங்களோட ட்ரேட் பண்ணி மாத்திக்கறப்ப சில சமயம் கிடைக்கறது) இருந்தா டஸ்ட் பாதிதான், அப்ப வேணா 40க்கு போங்க.

ஐவிய பத்தி ஒரு மனக்கசப்பு எனக்கு உண்டு. ஹண்டோ இல்லன்னா கையாலயே தொட மாட்டேன்னு சொல்றவங்கள பாத்தா சிரிப்புதான் வரும். டிராகனைட் அட்டாக்ல 15க்கும் 10க்கும் நடுவுல வித்தியாசம் 278க்கும் 273க்கும் உள்ளது, ரெண்டு சதவீதம் கூட தேறாது. மூவ் (அடிக்கற வித்தை) சரியில்லாத ஹண்டோவ விட சரியான மூவ் இருக்கற ரெண்டு ஸ்டார் (ஐவி நடுத்தரமா இருக்கறது) ரெய்டுல பல மடங்கு உதவும். காட்டுல, அதாவது மேப்ல தானா வர்றத, புடிக்கறதுல ஹண்டோ வர வாய்ப்பு 4096ல ஒண்ணு. சாதாரண ரெய்டுல ஐவி 10க்கு கீழ போகாது, அதனால 216ல ஒண்ணு. லக்கி ட்ரேடுல 12க்கு கீழ போகாது, 64ல ஒண்ணு.

ரெய்டுல இன்னொரு வசதி, புடிக்கற ஸ்க்ரீன்லயே கணக்கு தெரிஞ்சுடும், ஏன்னா லெவல் எப்பவும் 20, வெதர் பூஸ்ட் (அப்ப இருக்கற வானிலை அந்த வகை போக்கிமானுக்கு சாதகமா இருக்கறது) இருந்தா 25. மியூடூ 2294ல இருந்து 2387 வரைக்கும் வரும், காத்தடிக்கற வெதர்னா 2868ல இருந்து 2984. 2387 இல்லன்னா 2984 கண்ணுல பட்டுச்சுன்னா அது ஹண்டோவேதான், வேற எந்த ஐவியும் அந்த நம்பரை தொட முடியாது, புடிக்கறத சுலபமாக்கற கோல்டன் ராஸ் பெர்ரிய பதுக்காம போடுங்க.

இப்ப என் சோகக்கதை. ஆரம்பத்துல அப்ரைசல்ல (ஐவி எப்படின்னு கேம் எடை போட்டு சொல்ற வசதி) அட்டாக் கம்மின்னு பட்டாலே "குப்பை"ன்னு கூட்டம் கூட்டமா ட்ரான்ஸ்ஃபர் பண்ணி தலை முழுகிட்டு இருந்தேன், அதுல மாரில் மட்டும் எத்தனை போச்சோ. கிரேட் லீக்னு ஆளுக்கு ஆள் மோதற போட்டி ஒண்ணு வந்தப்பதான் நெஞ்சுல அடிச்சிக்கிட்டேன். அங்க சிபி 1500 தாண்டக்கூடாது. அட்டாக்தான் சிபிய சீக்கிரம் ஏத்தி விடுதுன்னு மேல பாத்தோம்ல, அப்ப அட்டாக் ஐவி கம்மியா இருந்தா அதே 1500க்குள்ள இன்னும் சில லெவல் மேல ஏறிக்கலாம். மாரில் வளர்ந்தா ஆகற அசுமாரில் பேஸ் 112, 152, 225. 15/15/15 லெவல் 36லயே 1497, அடுத்த பவர் அப் போட்டா எல்லை தாண்டிடும். 8/15/15 லெவல் 40 வரைக்கும் போய் அச்சா 1500ல நிக்கும். சிபிஎம் பெருக்கிப் பாத்தா ஹண்டோவுக்கு அட்டாக் 97.5, டிஃபென்ஸ் 128, எச்பி 184. மத்ததுக்கு அட்டாக் 94.8, டிஃபென்ஸ் 132, எச்பி 189. அட்டாக்ல கொஞ்சம் விட்டுக்குடுத்து அஞ்சு எச்பியும் நாலு டிஃபென்ஸும் வாங்கியாச்சு, நெருக்கமான மேட்ச்ல ஒரே ஒரு அடி கூடுதலா தாங்கினா போதும், ஆட்டமே மாறிடும். ஆனா எல்லாத்துக்கும் இது பொருந்தாது, மாஸ்டர் லீக்ல எல்லையே கிடையாது, அங்க ஹண்டோதான் ராஜா. கிரேட் லீக்குக்கு தேடறப்ப அப்ரைசல்ல அட்டாக் பார் காலி, மத்த ரெண்டும் நிறைஞ்சு இருக்கற ஒரு ஸ்டார் ரெண்டு ஸ்டாரை எல்லாம் டேக் போட்டு தனியா வச்சிக்கோங்க.

கடைசியா ஷேடோ, அதாவது டீம் கோ ராக்கெட்ங்கற வில்லன் கூட்டத்துகிட்ட இருந்து மீட்கற போக்கிமான். இதுல சிபி சுத்தமா ஏமாத்தும். ஷேடோ போக்கிமான் அடிக்கற அடி 20 சதவீதம் கூட, வாங்கற அடியும் 20 சதவீதம் கூட, ஆனா ரெண்டுமே சிபில ஏறாது, சாதாரண டிராகனைட்டும் ஷேடோ டிராகனைட்டும் ஒரே லெவல் ஒரே ஐவின்னா ஒரே நம்பர்தான் காட்டும். ப்யூரிஃபை பண்ணினா, அதாவது ஷேடோவ சாதாரணமா மாத்தினா, மூணு ஐவியும் ரெண்டு ரெண்டு கூடும், 13/13/13 இருந்தா ஹண்டோ ஆயிடும், அந்த ஆசையிலதான் நிறைய பேர் பட்டனை அமுக்கிடறாங்க. ரெண்டு ஐவி குடுக்கறது டிராகனைட் அட்டாக்குக்கு ஒரு சதவீதத்துக்கும் கம்மி, போறது அந்த 20 சதவீத கூடுதல் அடி. ரெய்டுக்குன்னா ப்யூரிஃபை பக்கமே போகாதீங்க, ஹண்டோ கலெக்‌ஷனுக்குன்னா உங்க இஷ்டம்.